வாயை அடைக்கும் வெள்ளம்

பத்திரிகைகளின் வாயை அடைப்பதற்கு அந்நிய ஆட்சியில் கையாளப்பட்ட உபாயங்கள் நம் நேயர்கள் அறியாதவையல்ல. 1878-ஆம் வருஷத்தில் சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கென்றே ஒரு தனிச் சட்டம் பிறந்தது. 1910-ஆம் வருஷத்துச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டது. கட்டிய தொகையையும் அச்சுக்கூடத்தையும் பறிமுதல் செய்ய அதிகாரம் கொடுத்தது. புதுச்சேரியில் அச்சான 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவொட்டாமல் தடுக்கப்பட்டு, அதே 1910-இல் நின்று போயிற்று. இவை யாவும் கொடுமைகளே. ஆயினும் இவற்றில் ஒன்று மட்டும் ஒளிவுமறைவின்றி இருந்தது. அடக்குகிறவன் இன்னான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உத்தரவின் அடியில் ஒரு கையெழுத்து இருந்தது. அந்தக் கையெழுத்தைக் காட்டிக் கோர்ட்டில் வாதாடலாம். சட்டசபையில் கேள்வி கேட்கலாம். கடற்கரையில் கூட்டம் கூட்டிக் கண்டிக்கலாம்.

நம் காலத்திலோ கையெழுத்தில்லாத அடக்குமுறை ஒன்று தோன்றியிருக்கிறது. பத்திரிகைகளும், தேசத் தொண்டு செய்யும் சங்கங்களும், அரசியல் கட்சிகளும் இன்று இணையத்தில் வலைத்தளம் வைத்தே ஜனங்களிடம் பேசுகின்றன. அந்தத் தளத்தின் வாயிலை ஆயிரக்கணக்கான யந்திரங்களைக் கொண்டு நெருக்கி, உண்மையான வாசகன் உள்ளே நுழைய முடியாதபடி செய்துவிடுவதுதான் இந்தப் புது முறை. இதற்குச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர். உத்தரவு இல்லை; வழக்கு இல்லை; பூட்டு உடைபடுவதில்லை; ஓர் எழுத்தும் அழிக்கப்படுவதில்லை. எழுதியது எழுதியபடியே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க ஒருவராலும் இயலவில்லை. படிக்க முடியாத பத்திரிகைக்கும் தடை செய்யப்பட்ட பத்திரிகைக்கும் என்ன வித்தியாசம்?

இது யந்திர நிபுணர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தாக்குதலின் வகைகள்

ஒரு வலைத்தளத்தை ஒரு புத்தகக் கடையாகப் பாவித்துக்கொள்வோம். கடைக்குச் செல்லும் வீதி ஒன்று. கடையில் பத்துக் குமாஸ்தாக்கள். இந்தக் கடையை முடக்க நினைப்பவனுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, வீதியையே அடைப்பது. ஒரு வினாடியில் இவ்வளவு செய்திதான் செல்லலாம் என்று ஒவ்வொரு தளத்தின் இணைப்புக்கும் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவுக்கு மேல் குப்பையைக் கொட்டினால் நல்ல செய்தியும் அதனுடன் சேர்ந்து நின்றுவிடும்.

இரண்டாவது வழி, குமாஸ்தாக்களைக் காத்திருக்கச் செய்வது. இணையத்தில் இரு யந்திரங்கள் பேசத் தொடங்குமுன் மூன்று படிகள் உள்ள ஒரு முகமன் நடக்கிறது. 'பேசலாமா?' என்று ஒன்று கேட்கும். 'பேசலாம்' என்று மற்றொன்று சொல்லி இடம் ஒதுக்கி வைக்கும். 'சரி' என்று முதலாவது உறுதி கூறும். எதிரி முதல் வார்த்தையை மட்டும் லட்சக்கணக்கில் சொல்லிவிட்டு, மூன்றாவது வார்த்தையைச் சொல்லாமலே இருந்துவிடுவான். ஒதுக்கிய இடமெல்லாம் வராத விருந்தாளிக்காகக் காத்துக் கிடக்கும். 1996-ஆம் வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணைய சேவைக் கம்பெனி இப்படித்தான் நாட்கணக்கில் முடக்கப்பட்டது. உறுதி வார்த்தை வரும்வரை இடமே ஒதுக்காமல், அடையாளத்தைப் பதிலுக்குள்ளேயே பொதிந்து அனுப்பிவிடும் நல்லதோர் உபாயத்தை டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித நிபுணர் அதே வருஷத்தில் வகுத்துத் தந்தார். அது இன்றும் பயன்படுகிறது.

மூன்றாவது வழிதான் மிகவும் தந்திரமானது. எதிரி வாடிக்கைக்காரனைப் போலவே வருகிறான், மரியாதையாகவே கேட்கிறான், ஆனால் பழைய கட்டுகளையெல்லாம் அவிழ்த்துத் தேடினால்தான் பதில் கிடைக்கும் கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறான். பழைய இதழ்களில் ஒரு சொல்லைத் தேடித் தரும்படி ஒரே நொடியில் ஆயிரம் பேர் கேட்டால், வீதி காலியாக இருந்தும் கடை நின்றுவிடும். கேட்பவனுக்குச் செலவு காசளவு. பதில் சொல்பவனுக்கு மலையளவு.

இம்மூன்றையும் விடக் கபடமானது பிறர் கையால் அடிப்பது. ஒரு விஷமி ஆயிரம் கம்பெனிகளுக்குத் தபால் கார்டு எழுதி, 'உங்கள் சரக்கு ஜாபிதாவை உடனே அனுப்பவும்' என்று கேட்டு, அனுப்புகிறவர் விலாசத்தில் உங்கள் விலாசத்தைப் போட்டுவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் உங்கள் வீட்டு வாயிலில் ஆயிரம் பொட்டலங்கள் குவியும். கம்பெனிகள் மீது குற்றமில்லை. தபால்காரன் மீதும் குற்றமில்லை. விஷமியின் பெயரோ எங்குமில்லை. கார்டுக்கும் பொட்டலத்துக்கும் உள்ள எடை வித்தியாசம்தான் அவனுடைய லாபம். 2018-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி கிட்ஹப் என்ற தளத்தின் மீது நடந்த தாக்குதலில் இந்த லாபம் 50,000 மடங்கு வரை இருந்தது. தகவல்களைத் தற்காலிகமாக நினைவில் வைத்துக்கொள்ளும் மெம்கேஷ்ட் என்ற மென்பொருளைப் பலர் காவலின்றித் திறந்து வைத்திருந்ததே அதற்குக் காரணம். வினாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் வெள்ளம் வந்தது. அன்று அது பேரதிசயமாகப் பேசப்பட்டது. 2025-இலோ வினாடிக்கு 20 டெராபிட்டைத் தாண்டிய தாக்குதல்கள் பதிவாகிவிட்டன.

சேனை எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு பெரிய சேனையை எதிரி எங்கே திரட்டுகிறான்? நம் வீடுகளிலிருந்துதான் என்றால் நேயர்கள் திடுக்கிடக்கூடும். 2016-ஆம் வருஷத்தில் 'மிராய்' என்ற தீய நிரல் பரவிற்று. வீட்டு வாயிலைக் கண்காணிக்கும் காமிராக்கள், இணைய ரௌட்டர்கள் ஆகியவற்றை அது தேடிப் பிடித்தது. பிடித்த விதத்தில் மாயமெதுவுமில்லை. தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சுமார் 60 ஜோடிச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அது கதவு கதவாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கான கதவுகள் திறந்தன.

அந்தச் சேனை முதலில் பாய்ந்தவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இணையக் குற்றங்களைத் துப்பறிந்து எழுதும் அமெரிக்கரான பிரையன் கிரெப்ஸ், கூலிக்குத் தாக்குதல் நடத்தும் கூட்டமொன்றை அம்பலப்படுத்தினார். 2016 செப்டம்பரில் அவருடைய தளத்தின் மீது வினாடிக்குச் சுமார் 620 ஜிகாபிட் வேகத்தில் வெள்ளம் பாய்ந்தது. அவருக்கு இலவசமாகக் காவல் அளித்து வந்த பெரிய கம்பெனி, மற்ற வாடிக்கைக்காரர்களுக்குப் பாதகம் நேருமென்று விலகிக்கொண்டது. அவருடைய தளம் சில நாட்கள் மறைந்தே போயிற்று. பின்னர் பத்திரிகைகளைக் காப்பதற்கென்று கூகுள் நடத்தும் 'ப்ராஜெக்ட் ஷீல்டு' என்ற ஏற்பாட்டின் நிழலில் அது மீண்டும் தலைகாட்டிற்று. அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி, தளங்களின் பெயரை விலாசமாக மாற்றிக் கொடுக்கும் டைன் என்ற கம்பெனியை மிராய்ச் சேனை தாக்கியது. டுவிட்டர் முதலிய பெருந்தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் எட்டாமற் போயின.

மிராயைச் செய்தவர்கள் ஏதோ ஒரு வல்லரசின் படைத்தலைவர்கள் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். இருபது வயதை ஒட்டிய மூன்று அமெரிக்க வாலிபர்கள் 2017 டிசம்பரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இன்று அவ்வளவு சாமர்த்தியமும் வேண்டியதில்லை. சொற்பக் கூலி கொடுத்தால் தாக்கிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. 2018 ஏப்ரலில் ஐரோப்பியப் போலீஸார் மூடிய ஒரே ஒரு கடையில் 1,36,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். அதன் மூலம் நடந்த தாக்குதல்கள் 40 லட்சம். அந்தக் காலத்தில் பத்திரிகையை அடக்கக் கவர்னரின் அதிகாரம் வேண்டியிருந்தது. இப்போது சில நூறு ரூபாயும் சிறிது துவேஷமும் போதும்.

எஸ்தோனியாவும் ஹாங்காங்கும்

சிறிய தேசமொன்று இவ்வித வெள்ளத்தில் எவ்வாறு தத்தளித்தது, எவ்வாறு கரையேறியது என்பதற்கு எஸ்தோனியாவே உதாரணம். பால்டிக் கடலோரத்திலுள்ள அந்நாட்டின் ஜனத்தொகை சுமார் 13 லட்சம். 1991-இல் சோவியத் ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட பிறகு, அரசாங்கக் காரியங்களையும் பாங்குக் காரியங்களையும் இணையத்தின் மூலமே நடத்தும் வழக்கத்தை அது விரைவாக மேற்கொண்டது. 2007 மார்ச்சில் பார்லிமெண்டுத் தேர்தலில் இணையத்தின் மூலம் வோட்டளிக்க இடம் கொடுத்து, அவ்வகையில் உலகில் முதல் நாடாயிற்று.

அடுத்த மாதமே சோதனை வந்தது. தலைநகரான தால்லினின் மத்தியில் நின்ற சோவியத் வீரனின் வெண்கலச் சிலையை அரசாங்கத்தார் போர்வீரர்களின் மயானத்துக்கு மாற்றினர். அங்குள்ள ரஷ்ய மொழியினர் பலர் கொதித்தெழுந்தனர். ஏப்ரல் 27-ஆம் தேதி தொடங்கிச் சுமார் மூன்று வாரங்கள் அரசாங்கத் தளங்கள் மீதும், பாங்குகள் மீதும், பத்திரிகைகள் மீதும் வெள்ளம் அலையலையாகப் பாய்ந்தது. நாட்டின் மிகப் பெரிய பாங்கு தனது இணைய வாயிலைச் சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று. 'போஸ்டிமேஸ்' என்ற முக்கியமான தினசரி, அந்நிய நாடுகளிலிருந்து வரும் வாசகர்களை அடியோடு தடுத்து, உள்நாட்டு வாசகர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தது. அதனால் தேச ஜனங்களுக்குச் செய்தி கிடைத்தது. ஆனால் அங்கே நடப்பது இன்னதென்று வெளி உலகுக்குச் சொல்லும் குரல் அடங்கிற்று. எதிரி விரும்பியதில் பாதி அதனாலேயே நிறைவேறியது என்று சொல்லலாம்.

குற்றவாளி யார்? எஸ்தோனியாவில் பலர் மாஸ்கோவைச் சுட்டினார்கள், மாஸ்கோ மறுத்தது. வெகு நாள் விசாரணைக்குப் பிறகு 2008-இல் தண்டனை பெற்றவன் உள்நாட்டு மாணவன் ஒருவனே, அவனுக்கும் அபராதம்தான். கையெழுத்தில்லாத அடக்குமுறை என்று நாம் சொன்னதன் பொருள் இதுதான். ஆனால் எஸ்தோனியர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. 2008-இல் இணையப் பாதுகாப்பை ஆராயும் நேட்டோ நிலையம் தால்லினில் அமைந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தரல்லாத நிபுணர்கள் ஆபத்துக் காலத்தில் தொண்டர்களாகத் திரண்டு உதவும் அமைப்பொன்றையும் அந்நாடு ஏற்படுத்திக்கொண்டது.

ஹாங்காங்கின் அனுபவம் அரசியல் ஊழியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நகரின் தலைமை நிர்வாகியை ஜனங்களே தேர்ந்தெடுக்கும் முறை எப்படி இருக்க வேண்டும் என்று 2014 ஜூனில் அங்கே ஜனத் தலைவர்கள் தாங்களாகவே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். சர்க்காரின் அங்கீகாரம் இல்லை. இணையமே வாக்குச் சாவடி. தொடங்குமுன்பே அந்தச் சாவடியின் மீது அதுவரை கண்டறியாத பெருவெள்ளம் பாய்ந்தது. வாக்கெடுப்பை ஆதரித்த 'ஆப்பிள் டெய்லி' பத்திரிகையின் தளமும் தாக்கப்பட்டது. நடத்தியவர்கள் மனம் தளரவில்லை. காவல் கம்பெனிகளின் துணையைப் பெற்றார்கள். வாக்களிக்கும் நாட்களை ஜூன் 29 வரை நீட்டினார்கள். நகரில் நேரில் வந்து வாக்களிக்கவும் சாவடிகள் வைத்தார்கள். முடிவில் சுமார் 7,90,000 பேர் வாக்களித்தார்கள். வெள்ளத்தால் அடைக்க முடியாத அந்தப் பத்திரிகை, 2021 ஜூனில் தேசப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொத்துக்கள் முடக்கப்பட்டு மூடப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய ஆயுதம் இன்னும் துருப்பிடித்துவிடவில்லை. புதிய ஆயுதமொன்று அதனுடன் சேர்ந்திருக்கிறது.

காப்புக்கு வழி

நம் சங்கங்களும் பத்திரிகைகளும் என்ன செய்யலாம்? ஆபத்து வந்த பிறகு செய்யத்தக்கது சொற்பம்; வருமுன் செய்யத்தக்கது அதிகம்.

முதலாவது, தளத்தின் பக்கங்களை இலகுவாக்க வேண்டும். வாசகன் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதிதாகச் சமைத்துப் பரிமாறுவதைவிட, சமைத்து வைத்ததை எடுத்துக் கொடுப்பது சர்வருக்கு எத்தனையோ மடங்கு சுலபம். செய்திப் பக்கங்களை இப்படி ஆயத்தப் பிரதிகளாக வைப்பதில் கஷ்டமில்லை. தேடுதல், உறுப்பினர் நுழைவு முதலிய பாரமான வேலைகளைத் தனியே பிரித்து, நெருக்கடியில் அவற்றை மட்டும் நிறுத்திவைக்கும்படி அமைத்துக்கொண்டால், மூன்றாவது வகைத் தாக்குதலில் பாதி பயனற்றுப் போகும்.

இரண்டாவது, உலகெங்கும் பல ஊர்களில் சர்வர்கள் வைத்து வெள்ளத்தைப் பங்கிட்டு வடிகட்டும் காவல் ஸ்தாபனங்களின் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். பத்திரிகைகளுக்கும் ஜன உரிமைச் சங்கங்களுக்கும் இலவசமாகவே இவ்வுதவி கிடைக்கிறது. மேலே சொன்ன ப்ராஜெக்ட் ஷீல்டைத் தவிர, கிளவுட்ஃபிளேர் கம்பெனி 2014-இல் தொடங்கிய 'கலீலியோ' திட்டமும், கனடாவிலுள்ள ஈக்வாலிட்டி ஸ்தாபனத்தார் நடத்தும் 'டிஃப்ளெக்ட்' சேவையும் உண்டு. ஆனால் முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைப்பவர்கள் அநேகர். சர்வரின் பழைய விலாசம் எதிரிக்குத் தெரிந்திருந்தால் அவன் காவலாளியைச் சுற்றிக்கொண்டு நேரே வந்துவிடுவான். ஆகையால் காவலில் சேர்ந்தவுடன் சர்வரின் விலாசத்தை மாற்ற வேண்டும். காவல் ஸ்தாபனத்தின் வழியாக வருவதைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி செய்ய வேண்டும். மின்னஞ்சலை அதே சர்வரிலிருந்து அனுப்பி விலாசத்தை வெளியிட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே இடத்திலிருந்து நிமிஷத்துக்கு இத்தனை கேள்விகளுக்கு மேல் ஏற்பதில்லை என்று வரம்பு வைக்கலாம். இதில் நிதானம் வேண்டும். நம் நாட்டில் கைப்பேசிக் கம்பெனிகள் ஒரே இணைய விலாசத்தைப் பல வாடிக்கைக்காரர்களுக்குப் பொதுவாக வைத்திருக்கின்றன. ஒருவனைத் தடுப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு தாலுகாவையே தடுத்துவிடக்கூடும். அந்நிய நாட்டு வரவை அடியோடு நிறுத்தும் எஸ்தோனிய முறையையும் தமிழ்ப் பத்திரிகைகள் எளிதில் கையாள முடியாது. சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், யாழ்ப்பாணத்திலும், வளைகுடா நாடுகளிலும் இருக்கும் நம் வாசகர்களையல்லவா அது வெளியே தள்ளும்?

நான்காவது, பெயரை விலாசமாக்கித் தரும் சேவையை ஒரே கம்பெனியிடம் ஒப்படைக்காமல் இரண்டினிடம் வைத்துக்கொள்ள வேண்டும். 2016 அக்டோபரில் டைன் ஒன்றையே நம்பியிருந்தவர்கள் மூழ்கினார்கள்.

ஐந்தாவது, தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனியிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? உங்களுக்கு வரும் செய்தி முழுவதையும், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து, படுகுழியில் கொட்டிவிடுவது பல கம்பெனிகளின் வழக்கம். மற்ற வாடிக்கைக்காரர்கள் பிழைப்பார்கள். உங்கள் தளமோ எதிரி விரும்பியபடியே மறைந்துவிடும். இதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டறிய வேண்டும். நள்ளிரவில் அழைக்க வேண்டிய டெலிபோன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். தளத்துக்குள் எழுதி வைத்தால் தேவைப்படும் சமயத்தில் அது கிடைக்காது.

ஆறாவது, பணம் பறிக்க மிரட்டுபவனுக்குக் கொடுக்கக் கூடாது. 2015 நவம்பரில் சுவிட்ஸர்லாந்தின் புரோட்டான் மெயில் கம்பெனி, சுற்றியிருந்தவர்களின் நெருக்குதலால் மிரட்டியவர்களுக்குப் பணம் கொடுத்தது. தாக்குதல் நிற்கவில்லை. கொடுத்தவன் மேலும் கொடுப்பான் என்பதே கொள்ளைக்காரனின் கணக்கு.

ஏழாவது, தளம் மூழ்கிய வேளையிலும் ஜனங்களை அடைய இரண்டாவது வழி தயாராக இருக்க வேண்டும். தகவல் குழுக்கள், மின்னஞ்சல் பட்டியல், அச்சிட்ட தாள் ஆகிய யாவும் உதவும். எதிரி அடைக்க நினைப்பது வாயை. ஒரு வாயிலை அடைத்ததும் மற்றொரு வாயிலில் குரல் கேட்டால் அவன் முயற்சி வீண்.

சர்க்காரின் கடமை

இவையெல்லாம் தற்காப்பு. நோயின் வேரையோ தனி மனிதன் பிடுங்க முடியாது. பொய் விலாசத்தோடு வரும் செய்தியை முதற்படியிலேயே இணைய சேவைக் கம்பெனிகள் தடுத்துவிட வேண்டும் என்று 1998-இலேயே இணைய நிபுணர்கள் எழுதி வைத்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதம் அதையே சிறந்த நடைமுறையென்று மறுபடியும் வெளியிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அதைக் கைக்கொள்ளாத கம்பெனிகள் உலகில் இருக்கின்றன. காரணம் சுலபமானது. வடிகட்டும் செலவு ஒருவனுக்கு. அதன் நன்மை வேறொருவனுக்கு. சொந்த லாபத்தை மட்டும் பார்க்கிறவன் இதைச் செய்யமாட்டான். பொது நன்மைக்காகச் செய்விக்கும் கடமை சர்க்காருடையது. ஒரே கடவுச்சொல்லை எல்லாக் காமிராக்களிலும் வைத்து விற்கும் வியாபாரத்தையும் சட்டத்தால்தான் நிறுத்த முடியும். பிரிட்டன் 2024 ஏப்ரலில் அத்தகைய சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரியவர்களுக்குக் கம்ப்யூட்டரை எட்டாமற் செய்வதைத் தவறென்று சொல்கிறது. 66-ஆம் பிரிவு அதற்கு மூன்று வருஷம் வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2022 ஏப்ரலில் பிறந்த உத்தரவின்படி இவ்விதத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய சர்க்காரின் செர்ட்-இன் ஸ்தாபனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் கடமையை நம்மீது சுமத்திய சர்க்கார், தெரிவித்தபின் துணை செய்யும் கடமையைத் தானும் ஏற்க வேண்டுமல்லவா? சிறு பத்திரிகைக்கும் கிராமச் சங்கத்துக்கும் கைகொடுக்கும் காவல் ஏற்பாடு ஒன்று நம் நாட்டிலேயே வேண்டும். இணையத்தின் மூலம் கருத்தை வெளியிடும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-ஆம் விதியின் பாதுகாப்பைப் பெற்றது என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உரிமை உண்டென்றால் அதற்குக் காவலும் உண்டாக வேண்டும்.

காவலை அந்நியக் கம்பெனிகள் சிலவற்றினிடமே விட்டுவிடுவதில் அபாயமும் இருக்கிறது. கிரெப்ஸின் காவலாளி விலகியதைப் பார்த்தோம். 2025 நவம்பர் 18-ஆம் தேதி கிளவுட்ஃபிளேரின் சொந்த ஏற்பாட்டிலேயே ஒரு பிழை நேர்ந்து, அதன் பின்னால் நின்ற எண்ணற்ற தளங்கள் பல மணி நேரம் முடங்கின. எதிரியின் வேலையோ என்று முதலில் அவர்களே சந்தேகித்தார்கள்; உண்மையில் அது தங்கள் பிழையென்று பின்னர் கண்டார்கள். ஒரே தூணில் ஊரெல்லாம் சாய்ந்து நிற்பது விவேகமல்ல. அவர்கள் தரும் உதவியை ஏற்போம். அதோடு நமக்கென்று ஒரு தூணையும் நாட்டுவோம்.

நம் தோழர்களுக்கு

கடைசியாக, நம் தோழர்களுக்கே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எதிர்க்கட்சியின் தளத்தையோ, ஜன விரோதமான கம்பெனியின் தளத்தையோ நாமும் இப்படி முடக்கினால் என்ன, அதுவும் ஒருவித மறியல்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டோம். 2001 ஜூன் 20-ஆம் தேதி, அகதிகளைத் திருப்பியனுப்ப விமானம் கொடுத்த லுஃப்தான்ஸா கம்பெனியின் தளத்தை ஜெர்மனியில் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் திறந்து கிளர்ச்சி செய்தார்கள். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்தார்கள். வழக்குத் தொடரப்பட்டது, 2006-இல் பிராங்பர்ட்டு மேல் கோர்ட்டு, அது பலாத்காரமுமல்ல, மிரட்டலுமல்ல என்று விடுதலை செய்தது.

ஆனால் இன்று நடப்பது அதுவா? அங்கே ஒவ்வொருவனும் தன் சொந்த யந்திரத்தின் முன் உட்கார்ந்தான். ஆள் பலமே அங்கே பலம். இன்றைய தாக்குதலில் ஆளில்லை. யாரோ ஒரு கிழவரின் வீட்டுக் காமிராவை அவர் அறியாமல் களவாடி, அதைக் கொண்டு அடிப்பதும், கூலிக் கடையில் காசு கொடுத்து அடிப்பதும் மறியலாகுமா? சத்தியாக்கிரகி முகத்தை மூடிக்கொள்வதில்லை. தன் பெயரைச் சொல்லி, தன் உடலைக் கொடுத்து, வரும் தண்டனையைத் தானே தாங்கி, எதிரியின் மனச்சாட்சியோடு பேசுகிறான். வெள்ளத்தை ஏவுகிறவனோ ஒளிந்து நிற்கிறான். தண்டனையைப் பிறர் மீது தள்ளுகிறான். எதிரியைப் பேசவே விடுவதில்லை. மறியல் செய்த தொண்டன் கள்ளுக்கடைக்குள் போகிறவனை நயந்து வேண்டினான்; கடைக்குச் செல்லும் பாதையில் பிறர் வீட்டு மாடுகளை ஓட்டிவந்து நிறுத்தவில்லை.

2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கு நன்கொடை சேர்வதைத் தடுத்த கம்பெனிகள் மீது கோபம் கொண்டு 'அனானிமஸ்' என்ற பெயரில் திரண்டவர்களிலும் நல்ல நோக்கமுள்ள வாலிபர்கள் பலர் இருந்திருப்பார்கள். பேபால் கம்பெனியைத் தாக்கியதற்காக அமெரிக்காவில் 14 பேர் மீது வழக்கு வந்தது. 2013-இல் அவர்களில் 13 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி இன்றும் செழிப்பாக இருக்கிறது. பெரியவனுக்கு வெள்ளத்தைத் தாங்கும் அணை உண்டு. அவன் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவான். மூழ்கிப் போகிறவன் எப்போதும் சிறியவனே. ஆகவே இந்த ஆயுதம் வழக்கமாகிவிட்டால் முதலில் அழியப்போவது நம் போன்ற சிறு பத்திரிகைகளும் ஏழைச் சங்கங்களுமே. தர்மத்தை நினைத்து விலகாதவர்களும் இந்தக் கணக்கை நினைத்தாவது விலக வேண்டும்.

எதிரி பேசட்டும், நாமும் பேசுவோம், தீர்ப்பை ஜனங்கள் சொல்லட்டும். அந்தத் தீர்ப்புக்கு அஞ்சுகிறவன்தான் பிறர் வாயை அடைப்பான். அஞ்சாதவர்கள் செய்ய வேண்டிய காரியம் வேறு. இன்றே தங்கள் சங்கத்தின் தளத்துக்குக் காவல் தேடுங்கள். வீட்டிலுள்ள ரௌட்டரிலும் காமிராவிலும் பழைய கடவுச்சொல்லை மாற்றி, அவை எதிரியின் சேனையில் சேராதபடி செய்யுங்கள். உங்கள் சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் இதைப்பற்றிக் கேள்வி கேளுங்கள். ஜாமீன் தொகைக்கும் பறிமுதலுக்கும் அடங்காத குரல் தமிழ்நாட்டின் குரல். பெயரில்லாதவன் ஏவும் வெள்ளத்துக்கு அது அடங்கலாகாது.